கால் கண்ட மலை: சீன மலைச் சித்திரமும் நவீன அரூப ஓவியமும்

(திருப்பதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



தமிழ்கூறும் நல்லுலகத்தின் வடவெல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் குறித்த மலையின் அடிவாரத்தில் நின்றுகொண்டு சீனதேசத்து மலைகளைப் பற்றிப் பேசப் புகுவது விபரீதமான காரியமாகச் சிலருக்குத் தோன்றலாம். இவ்வூரில் பள்ளிப் பிராயத்தைக் கழித்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள் 1944இல் சீனாவுக்குச் சென்று அந்நாட்டறிஞரிடையே சொற்பொழிவாற்றினார் என்பதை நினைத்துக்கொண்டால், இத்திசையிலிருந்து அத்திசைக்கு ஒரு வழி முன்பே போடப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். அவர் தத்துவத்தைக் கொண்டு சென்றார். நான் அங்கிருந்து சில சித்திரங்களைக் கொண்டுவர முயல்கிறேன்.

இன்று நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. இருபதாம் நூற்றாண்டில் சீன மலைச் சித்திரம் நவீன அரூப ஓவியத்தோடு கலந்தது என்று கலை வரலாற்று நூல்கள் கூறும் அந்நிகழ்ச்சி, ஐரோப்பியச் சரக்கொன்று கீழ்த்திசைத் துறைமுகத்தில் வந்து இறங்கியதனால் மட்டும் நேர்ந்ததன்று. நின்று பார்க்கும் கண்ணைக் காட்டிலும் நடந்து செல்லும் காலையும், அந்நடையைத் தேக்கி வைத்திருக்கும் நினைவையும் நம்பி மலையை வரைந்துவந்த ஒரு சம்பிரதாயம், தாய்நாட்டையும் சிலவேளை கண்பார்வையையுமே இழந்த ஓவியர் சிலர் கையில், தனக்குள் நெடுங்காலம் உறைந்து கிடந்த அரூபத்தை வெளியிட்டுக்கொண்டது என்பதே என் அபிப்பிராயம்.

(மேடையில் படங்களைக் காட்டிச் சொன்ன விளக்கங்களையும், இடையே வந்த கிளைப்பேச்சுகளையும் அச்சுக்காகக் குறைத்திருக்கிறேன். வாதத்தின் வரிசையெண்கள் மட்டும் அவ்வாறே இருக்கின்றன.)

1

முதலாவது, பழைய சீன ஓவியன் மலையின் எதிரே நின்று அதை வரைந்தவன் அல்லன்.

கி.பி. ஆயிரமாம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஃபான் குவான் பட்டில் தீட்டிய பெருமலையும், குவோ ஷீ என்பவர் 1072ஆம் ஆண்டென்று தம் கையாலேயே குறித்து வைத்த ‘முன்வசந்தம்’ என்னும் சித்திரமும் இன்று தைப்பேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பின்னதைச் சற்று நின்று பார்ப்போம். அடியில் நீர்க்கரையும், படகுக்காரரும், சுமையோடு நடப்பவரும். நடுவில் முறுகி வளைந்த தேவதாருக்களும், வலப்புறத்து மடுவில் விழும் அருவியும், அதன் மேல் ஒதுங்கி நிற்கும் ஆலயமும். அதற்கும் மேலே, பாறையா மேகமா என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாதபடி மூடுபனியில் கரைந்து எழும் சிகரமும் காணப்படுகின்றன. படகுக்காரரை நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். அருவியை நேரெதிரே நின்று பார்க்கிறோம். சிகரத்தையோ அண்ணாந்து நோக்குகிறோம். ஒரே கணத்தில் ஒரே மனிதன் இம்மூன்றையும் செய்தல் இயலாது.

இது கைப்பிழை அன்று, சாஸ்திரம். குவோ ஷீயின் கருத்துகளை அவருடைய குமாரர் தொகுத்து வைத்த நூலில் தூரம் மூவகை என்று வகுக்கப்பட்டிருக்கிறது: அடிவாரத்திலிருந்து முடியை நோக்கும் உயர்தூரம், முன்மலையினின்று பின்மலையை எட்டி ஊடுருவும் ஆழ்தூரம், அண்மை மலையிலிருந்து சேய்மை மலைகளை நோக்கும் சமதூரம். மூன்றும் ஒரு சித்திரத்தில் கூடவேண்டுமாயின், ஓவியன் மலையில் நாட்கணக்காக அலைந்து, பின்பு வீடு திரும்பி, ஜன்னலோரத்து மேசையில் பட்டை விரித்து, நடந்ததையெல்லாம் நினைவிலிருந்து ஒன்றாக்கவேண்டும்.

சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி வழியாக நம் பக்கத்துக்கு வந்த மேனாட்டுப் பயிற்சியோ இதற்கு நேர்விரோதமானது. அது ஓவியனை ஓரிடத்தில் நிறுத்துகிறது. கோடுகளெல்லாம் தொடுவானத்தில் ஒரு புள்ளியில் சென்று மறையும்படி வரையச் சொல்கிறது. அம்முறையால் கட்டடங்களும் கடைத்தெருக்களும் நன்கு அமையும் என்பதில் ஐயமில்லை. மலை அமைவதில்லை என்றே நான் கருதுகிறேன்.

இவ்வூரார்க்கு இதை நீட்டி விளக்கவேண்டுவதில்லை. அலிபிரியில் தொடங்கி மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறிச் செல்லும் யாத்திரிகர் எவரும் மலையை முழுமையாக ஒருமுறையேனும் பார்ப்பதில்லை. முன்னால் செல்பவரின் குதிகால், மஞ்சளும் குங்குமமும் பூசிய படி, காலி கோபுரத்தருகே சட்டென்று திறந்து மூடும் பள்ளத்தாக்கு, மோகாளிமெட்டில் முழங்கால் படும் பாடு, இவையே அவருக்கு மலை. ஆயினும் கீழிறங்கிய பின், சேஷாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, அஞ்சனாத்ரி, விருஷபாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி என்று ஏழையும் பெயர் சொல்லி அடுக்குகிறார். திருப்பதி ரயிலடியில் நின்று அந்த ஏழையும் தனித்தனியே பிரித்துக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவர்? ஏழுமலை என்பது கண் எண்ணிய எண்ணன்று. கால் நடந்து, வாய் சொல்லி, மனம் சேர்த்து வைத்த தொகை. குவோ ஷீயின் சித்திரமும் அத்தகைய தொகையே.

2

இரண்டாவது, அச்சித்திரத்தை அருகே சென்று நோக்கினால் மலை மறைந்துபோகிறது. தூரிகைத் தடங்களே எஞ்சுகின்றன. பாறையின் மேற்பரப்பைக் காட்டச் சீனர் தடங்களை வகைப்படுத்திப் பெயரிட்டிருந்தனர். தென்னாட்டு மண்குன்றுகளுக்கு நீண்டு நெளியும் சணல்நார்த் தடம். ஃபான் குவான் நாட்டு வறண்ட மலைகளுக்கு மழைத்துளித் தடம். லீ தாங் 1124இல் வரைந்த பைன்மரச் சோலைச் சித்திரத்திற் போன்ற செங்குத்துப் பாறைகளுக்குத் தூரிகையைப் பக்கவாட்டில் சாய்த்து வெட்டியிழுக்கும் கோடாரித் தடம். இவ்விலக்கணம் கற்றவன் பாறையைப் பார்த்து அதன் நிழலை நகல் எடுப்பதில்லை. பாறை பிளவுபட்ட விதத்தைத் தன் மணிக்கட்டினால் மறுபடியும் நிகழ்த்துகிறான்.

சேஷாசல மலைச்சரிவை இக்கண்கொண்டு நோக்கினால் சுவாரசியமான செய்தி ஒன்று புலப்படும். திருமலைப் பாதையில் மேலே நிற்பது படிவுப் படிவாக இறுகிய குவார்ட்சைட்டுப் பாறை. செங்குத்தாக வெடித்து, சுவர் வைத்தாற்போல் நிற்பது. அதன் கீழே கிடப்பது அதனினும் மிகத் தொன்மையான கருங்கற்பாறை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளின் படிவு காணாமற்போயிருக்கிறது என்று புவியியலார் கணித்து, அவ்விடத்தைத் தேசியப் புவியியற் சின்னமாகக் குறித்திருக்கின்றனர். மேற்பகுதி கோடாரித் தடத்தையே கேட்கிறது. சித்தூரிலிருந்து மதனப்பள்ளி செல்லும் வழியெங்கும் உருண்டு திரண்டு ஒன்றன்மேலொன்றாய்க் கிடக்கும் கருங்கற் குண்டுகளுக்கோ சீனரின் பட்டியலில் பொருத்தமான தடம் எனக்குக் கிடைக்கவில்லை; அதற்கு இந்நாட்டு ஓவியர் ஒருவரே ஒரு தடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும்.

இங்கு நான் வற்புறுத்துவது இவ்வளவே: தடம் தன்னளவில் உருவமற்றது. அது மலைக்குக் கட்டுப்பட்டிருக்கும்வரை மலையாகத் தோன்றுகிறது. அக்கட்டினைச் சிறிதே தளர்த்தினால் அதுவே அரூப ஓவியம்.

3

மூன்றாவதாக, அக்கட்டினைத் தளர்த்தியவரைப் பற்றிப் பேசவேண்டும். என் உரையின் பெரும்பகுதி இவருக்கே உரியது.

ஜாங் தாச்சியென் 1899இல் சீச்சுவான் மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் ஹுவாங்ஷான் மலையைப் பலமுறை ஏறியவர். 1940களின் தொடக்கத்தில் பாலைவன ஓரத்து துன்ஹுவாங் குகைகளில் தங்கி அங்குள்ள பௌத்தச் சுவரோவியங்களைப் பிரதியெடுத்தவர். பழைய ஆசிரியர்களின் கைகளைத் தம் கையில் அப்படியே இறக்கிக்கொண்டவர் என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். அது அவருக்குப் பெருமை சேர்க்கும் சான்றா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகம் 1957இல் பத்தாம் நூற்றாண்டு ஓவியர் ஒருவரின் மலைச் சித்திரம் என்று நம்பி வாங்கியது பின்னர் இவர் கைவேலை என்று தெரியவந்தது. போலி செய்வதை நான் போற்றவில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மணிக்கட்டின் பழக்கத்தை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்த மனிதர் வேறொருவர் இருந்தாரா என்பது ஐயமே.

சீனாவில் ஆட்சி மாறிய பின் தாயகத்தை விட்டு வெளியேறிய இவர், 1950இல் இந்தியாவுக்கு வந்தார். துன்ஹுவாங் ஓவியங்களை அஜந்தாவோடு ஒப்பிட்டு நோக்கவேண்டும் என்ற நெடுநாள் அவாவை நிறைவேற்றிக்கொண்டு, டார்ஜிலிங்கில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். பிறகு அர்ஜென்டினா, பிரேசில், கலிபோர்னியா, இறுதியில் தைப்பே. சீனப் பெருநிலத்தை மறுபடி காணாமலே 1983இல் மறைந்தார்.

பிரேசிலில் இருந்தபோது, 1950களின் பிற்பகுதியில், நீரிழிவினால் அவர் பார்வை கெட்டது. இலையையும் இமையையும் நுண்ணிதாக எழுதிய தூரிகை இனி உதவாது என்ற நிலையில், மையையும் நீல, பச்சைக் கனிம வண்ணங்களையும் தாளின்மேல் ஊற்றி, தாளைச் சாய்த்து, அவை ஓடிப் பரவி ஒன்றுக்குள் ஒன்று கரையும்படி விடலானார். ஊற்றிய மை உலர்ந்தபின் அதன் ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு படகு, இரண்டு மரம், இவற்றைச் சிறு தூரிகையால் சேர்ப்பார். உடனே அதுவரை வெறும் கறையாக இருந்தது மழைமேகம் சூழ்ந்த மலையாகி நிற்கும். 1968இல் ஆஸ்திரிய நாட்டு ஏரி ஒன்றை நினைந்து அவர் இவ்வாறு தீட்டிய ‘ஆஹென் ஏரி’ 2010இல் பெய்ஜிங் ஏலத்தில் பத்துக் கோடி யுவானுக்கு மேல் விலை போயிற்று.

மேனாட்டு விமரிசகர்கள் இதைக் கண்டவுடன் ஜாக்சன் போலக் முதலிய அமெரிக்க அரூப ஓவியரின் பெயரைச் சொன்னார்கள். ஜாங்கோ, தாங் வம்ச காலத்தில் மையை வாரி இறைத்து மலை வரைந்ததாகக் கதையில் வரும் ஓவியரிடமிருந்தே தாம் இதைப் பெற்றதாகக் கூறிவந்தார். இரண்டிலும் பாதி உண்மையே உண்டு என்பது என் எண்ணம். 1956இல் ஐரோப்பா சென்று பிக்காஸோவைச் சந்தித்தவர், உலகில் என்ன நடக்கிறது என்பதை அறியாதிருக்க முடியாது. அதே சமயம், அந்தக் குடிசையையும் படகையும் ஏன் அவர் விடவில்லை என்று கேட்கவேண்டும். போலக்குக்கு அவை தேவைப்படவில்லை. ஜாங்கின் மலையில் நடந்து செல்ல ஒருவன் வேண்டும். தங்க ஓர் இடம் வேண்டும். கண் மங்கிய பிறகும் கால் மறக்கவில்லை.

இங்கே என் வாதத்துக்கே ஓர் இடையூறு இருக்கிறது. அதை மறைப்பது முறையன்று. அவருடைய கடைசிப் பெரும்படைப்பு லூ மலையின் அகன்ற காட்சி. சுமார் பத்து மீட்டர் நீளமுள்ள பட்டில் 1981 முதல் 1983 வரை வரைந்தது. அந்த லூ மலையில் ஜாங் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கால் வைத்ததில்லை! அப்படியானால் கால் கண்ட மலை என்ற பேச்சு என்னாகிறது? எனக்குத் தோன்றும் சமாதானம் இது: ஹுவாங்ஷானில் ஏறிய கால், டார்ஜிலிங்கில் பனிமலையின் எதிரே உலவிய கால், பழைய ஓவியங்களின் ஊடே மனத்தால் நடந்த கால், இவை யாவும் சேர்ந்தே அந்த லூ மலையில் நடந்தன. காசியை நேரில் காணாமலே காசிக்கலசத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பாட்டிமார்களுக்கு இது புதிராக இராது.

4

நான்காவது, இதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர் ஜாவோ வூ-கி. பெய்ஜிங்கில் 1920இல் பிறந்து, பிரான்சில் பயின்ற லின் ஃபெங்மியென் தலைமையில் நடந்த ஹாங்ஜோ கலைப்பள்ளியில் கற்று, 1948இல் பாரிஸ் சென்றார். சீனாக்காரர் என்பதால் சீனத்து மையில்தான் வரையவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இடங்கொடாமல், மையையே அவர் விலக்கி வைத்தார். சுவிட்சர்லாந்தில் பால் க்ளேயின் ஓவியங்களைக் கண்டது அவருக்கு ஒரு திருப்பம். அதன் பின்பு சீனத்துப் பழைய எலும்புச் சாசன எழுத்துகளை ஒத்த குறிகள் அவருடைய எண்ணெய் வண்ணத்தில் மிதந்தன. 1950களின் இறுதியில் குறிகளும் போயின, தலைப்புகளும் போயின. வரைந்து முடித்த நாளையே படத்துக்குப் பெயராக இட்டார். மலை என்ற சொல்லே இல்லாத அப்படங்களில் மலையின் மூச்சு இருந்தது. 1970களின் தொடக்கத்தில், மனைவி நோயுற்றிருந்த துயரமான காலத்தில், கவிஞர் ஆன்ரி மிஷோ தூண்டியதன் பேரில் மறுபடியும் மைத்தூரிகையை எடுத்தார். சிங்கப்பூரில் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் கட்டிய ராஃபிள்ஸ் சிட்டிக்காக 1985இல் அவர் தீட்டிய பத்து மீட்டர் அகல முப்பலகை ஓவியம், 2018இல் ஹாங்காங்கில் 51 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றது. நமக்கு வேண்டுவது அந்த அகலம்: ஒரே நோக்கில் அடங்காமல், பார்ப்பவர் இடமிருந்து வலமாக நடந்தே காணவேண்டியிருக்கிறது.

தைவானில் லியு குவோ-சுங் செய்ததையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். நாரோடிய தடித்த தாளில் மையைத் தீட்டி, பின்பு நார்களைப் பிடுங்கி எடுத்து, அவை இருந்த இடத்தில் வெண்தடங்கள் தோன்றும்படி செய்த அவர், நான் இரண்டாவதாகச் சொன்ன தடத்தின் இலக்கணத்தை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பிவிட்டார்.

5

ஐந்தாவது, இந்தியா.

நம் பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு 1919இல் இரவீந்திரநாத தாகூர் வந்து, பிரம்மஞான சங்கத்தாரின் கல்லூரியில் ஜேம்ஸ் கசின்ஸ் தம்பதியரின் விருந்தினராகத் தங்கி, ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலப்படுத்தினார் என்பது இவ்வட்டாரத்தில் அனைவரும் அறிந்தது. அந்தக் கசின்ஸ் வங்க ஓவியரின் பெரும் ஆதரவாளர் என்பதும், அவ்வாண்டிலேயே ஜப்பானுக்குச் சென்று கற்பித்தார் என்பதும், பின்னாளில் திருவனந்தபுரத்துச் சித்திராலயத்தை அவர் அமைத்தபோது சீன, ஜப்பானியப் படங்களும் அதில் இடம்பெற்றன என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. தாகூரோ ஐந்தாண்டுகள் கழித்து, 1924இல், ஓவியர் நந்தலால் போஸை உடனழைத்துக்கொண்டு சீனப் பயணம் மேற்கொண்டார். 1937இல் சாந்திநிகேதனத்தில் சீனபவனம் திறக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் கலப்பு எளிதில் நிகழவில்லை. வங்க ஓவியர் ஜப்பானியரிடம் கற்ற நீர்க்கழுவல் முறை மூடுபனியைத் தந்ததேயன்றி, அப்பனிக்குள் நிற்கும் பாறையைத் தரவில்லை. அம்மரபில் வந்து சென்னைக் கலைப்பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவரான தேவிபிரசாத் ராய் சௌதுரியின் இமயக் காட்சிகளிலும் அந்த மென்மையே மிகுதி. 1939இன் இறுதியில் சாந்திநிகேதனத்துக்கு வந்த சீன ஓவியர் சூ பெய்ஹோங்கோ மேனாட்டு நவீனத்தை வெளிப்படையாக வெறுத்தவர். டார்ஜிலிங்கில் தங்கியிருந்த காலத்தில் அவர் தீட்டியது, கிழவன் ஒருவன் மலையையே பெயர்க்கத் துணிந்த பழங்கதையை, தசை திரண்ட இந்திய உடல்களை மாதிரியாகக் கொண்டு. பத்தாண்டு இடைவெளியில் இரண்டு சீனர் அதே ஊரில் தங்கினர்: ஒருவர் மலையை மண்வெட்டியால் பெயர்த்தார், மற்றவரான ஜாங் பின்னாளில் அதை மையால் கரைத்தார்.

இந்நாட்டில் இக்கலப்பின் வாசல்வரை சென்றவர் என்று நான் கருதுவது வினோத பிகாரி முகர்ஜியை. 1904இல் பிறந்த அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதும் கிட்டப்பார்வை. சாந்திநிகேதனத்தைச் சூழ்ந்த, மழை அரித்த செம்மண் கொவாய் நிலத்தில் நடந்து நடந்து, அதை நீண்ட சுருள்களில் வரைந்தார். 1937இல் ஜப்பான் சென்றார். 1942இல் சீனபவனத்துச் சுவரிலேயே ஆசிரம வாழ்வைத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியில் முற்றிலும் பார்வையிழந்த பின்பும் காகிதம் வெட்டி ஒட்டியும் ஓடு பதித்தும் படைத்துக்கொண்டிருந்தார். சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி எடுத்த படத்தைக் காணாதவர்கள் தேடிக் காணவேண்டும். அவர் சுருள்களில் நிலம் சில கீறல்களாகவும் அக்கீறல்களுக்கு இடையே விடப்பட்ட தாளாகவும் குறுகுகிறது. முழு அரூபத்துக்கு ஓரடி முன்னே அவர் நின்றுகொண்டார், வேண்டுமென்றே என்று நினைக்கிறேன். அந்த ஓரடியைக் காசி நகரத்தை வரைந்த ராம்குமாரும், ஜென் மார்க்கத்தில் ஈடுபட்ட காய்தொண்டேயும் வைத்தனர். ஆனால் அவர்கள் கையில் சீனத் தூரிகை இல்லை.

தெற்கே கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்தவர்களும் அரூபத்துக்குள் புகுந்த வாயில் எழுத்தும் குறியும், மலையன்று. மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கில் அந்தக் கருங்கற் குண்டுகளுக்கு நடுவே சில காலம் ஓவிய ஆசிரியராக இருந்த சுல்தான் அலி வரைந்து புகழ்பெற்றதும் காளைகளையும் பழங்குடித் தெய்வங்களையுமே. இதில் குறையொன்றுமில்லை, மலை மட்டும் காத்திருக்கிறது.

6

கடைசியாக, காளத்தியிலிருந்து வந்திருக்கும் கலம்காரிக் கலைஞர்களிடம் ஒரு வார்த்தை.

உங்கள் மூங்கிற் கலமும், அதில் சுற்றிய கம்பளி நூலும், விரலால் அழுத்தும் அளவுக்கேற்ப மை கசியும் விதமும் சீனத் தூரிகைக்கு மிக நெருங்கிய உறவு. வெல்லத்தில் ஊறிய இரும்பிலிருந்து நீங்கள் எடுக்கும் கறுப்பு, கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கருத்துக்கொள்வதைக் காண்கையில், அது சீன மையைக் காட்டிலும் உயிருள்ளதோ என்று கூட எனக்குத் தோன்றியதுண்டு. ஆயினும் உங்கள் சஞ்சீவி மலையும் கோவர்த்தனமும் இறுகிய கோட்டுக்குள் அடைபட்ட மலைகளாகவே இருக்கின்றன. அதன் காரணம் துணியிலேயே உள்ளது. கடுக்காயோடு நீங்கள் சேர்க்கும் எருமைப்பால் மை பரவாதபடி தடுக்கிறது. புராணக் கதையின் முகங்களுக்கும் ஆபரணங்களுக்கும் அத்தடை அவசியம். சீனரோ மை பரவட்டும் என்பதற்காகவே தாளைத் தேர்ந்தவர்கள்.

கோயில் திரைகளை உள்ளபடியே செய்துகொண்டிருங்கள். அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தனியே ஒரு முழம் துணியைப் பாலில் தோய்க்காமல், கடுக்காய் மட்டும் ஏற்றி, சற்றே நனைத்து, ஒருநாள் திருமலைக்குப் படியேறி இறங்கிய அலுப்போடு அமர்ந்து, அதன்மேல் இரும்பு மையை ஊற்றிப் பாருங்கள். அது எவ்வாறு ஓடும், எங்கே நிற்கும், கறுப்பு எந்த ஓரத்தில் முதலில் ஏறும் என்பதை நூல்களில் படித்த நான் சொல்ல முடியாது, நீங்கள் சொல்லவேண்டும்.